மைக்கை அணைத்தது நான்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் ஒருவனுக்குச் சரியில்லை, யார் என்று படித்துக்கொண்டே போனால் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் முழுசு என்று சாதிக்கிறாள், நீதான் கேட்க வேண்டும், நான் சொன்னால் அவள் காதில் ஏறாது.

நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் எங்கள் பெவிலியனுக்கு, அதுதான் அந்தத் தற்காலிக அரங்குக்கு, இது கடைசி வாரம். நான்கு மாதத்துக்கென்றே கட்டியது, வளைத்த மரச்சட்டங்கள், மேலே வெள்ளைத் துணி, ஓர் ஆணி கிடையாது, எல்லாம் போல்ட்டும் நட்டும். ஞாயிற்றுக்கிழமை கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள். பாட்டு, நாடகம், வாசிப்பு என்று யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறலாம், தோட்டத்து எலெக்ட்ரீஷியன் என்பதால் மைக் போர்டு என் பொறுப்பு. வாக்கிங் வரும் பெரியவர் ஒருவர் தினமும் முதல் வரிசையில் உட்கார்ந்து குறட்டை விடுவார், அவரையும் மீறிக் கேட்கிற மாதிரிதான் சத்தம் வைப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் தம்பி வாசித்த அன்று பாதியில் கரண்ட் போய்விட்டது என்று உன்னிடம் போனில் சொன்னேனே, அது பொய். வாரா வாரம் நீ அவனைப் போனில் பிடித்து உட்காரவைத்துப் பழக்கினாய், அவனும் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலையைப் பற்றி எழுதிய இரண்டு பக்கத்தில் முதல் பக்கத்தைத் திக்காமல் திணறாமல் வாசித்தான். இரண்டாம் பக்கத்தில் 'கண்ணாடி' என்ற சொல்லில் நின்றுவிட்டான், அதற்கு முன் நாலு தடவை தடையில்லாமல் வந்த அதே சொல். தாடை இறுகிவிட்டது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் இல்லை. நூறு பேர் பார்க்கிறார்கள். பின்னால் யாரோ இருமினார்கள், அது எனக்குச் சிரிப்பாகக் கேட்டது. என் கை போய் மைக் சுவிட்சை அணைத்துவிட்டது. கரண்ட் போச்சு என்று நானே எழுந்து கத்தினேன். பகல் வெளிச்சம், விளக்கு எதுவும் போடவில்லை, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவன் தாளை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டான். பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை வேறு. வீட்டுக்கு வந்து தட்டில் கையை வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "வார்த்தை வந்துருச்சுப்பா. வந்தப்போ மைக் இல்ல." வெட்கப்பட்டது நான்தான், அவன் இல்லை.

கடைசி நாளான சனிக்கிழமைக்கு மறுபடி பெயர் கொடுத்திருப்பதாக முந்தாநாள் சொன்னான். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். "தெரியும்ப்பா. என் கால்கிட்ட இருந்த ஃபேன் சுத்திக்கிட்டேதானே இருந்துச்சு" என்றான். எலெக்ட்ரீஷியன் மகனுக்கு இது தெரியாதா. ஒரு மாதமாக அம்மாவிடமும் உன்னிடமும் கரண்ட் போனதாகவே சொல்லி என்னை விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கிறான், நான் தலையைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்றைக்கு மைக் போர்டுக்கு வேறு ஆள் போடச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டான். "நீங்களே உக்காருங்க. கைய மட்டும் மடியில வச்சுக்கங்க." இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் திக்கினான், நான் வார்த்தையை எடுத்துக் கொடுக்காமல் நின்றேன்.

நீ பட்ட பாட்டை வீணாக்கிவிட்டு உன்னிடமே பொய் சொன்ன அப்பாவை மன்னித்துவிடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், குழந்தைக்கு என் முத்தம். சனிக்கிழமை எங்கள் நேரம் மாலை ஐந்துக்கு அம்மா உனக்குப் போன் போட்டுத் தூக்கிப் பிடித்திருப்பாள், மறந்துவிடாதே. நடுவில் சத்தம் நின்றுபோனால் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதேம்மா, அவன் அங்கேதான் நின்றுகொண்டிருப்பான்.

உங்கள் இருவரையும் பெற்ற,
அப்பா