மாதுளை மரத்தில் கட்டிய மாவு

ஜனவரி 5, மாலை

அன்புள்ள ரிந்தலா,

நம்பிக்கையே இல்லாத ஒருத்தி, நம்புகிற இன்னொருத்தியின் மாவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டைக் கலக்கலாமா? காலையிலிருந்து இதையேதான் என்னிடம் நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடம் வேதியியல் நடத்தியும் எனக்குப் பதில் தெரியவில்லை. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அது முழு உண்மை ஆகாது. போனில் சொல்ல முடியாத விஷயம். நீ கூப்பிடும்போதெல்லாம் உன் வதாத் அத்தை கணப்படுப்பை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறார், உடம்பில் எது பழுதானாலும் காது மட்டும் அவருக்குப் பழுதாகவில்லை. எதிர்வீட்டு நஸீம் நாளை மாலை உன் ஊர் ஹாலிஃபாக்ஸுக்குத் திரும்புகிறான், அவன் பையில் சோம்பு ரொட்டியோடு இதையும் வைத்துவிடுகிறேன்.

அத்தையின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. நவம்பரிலேயே தெரியும், உன் பரீட்சை முடியட்டும் என்று உன்னிடம் சொல்லவில்லை, அதற்காக என்னைக் கோபித்துக்கொள், அப்பாவை விட்டுவிடு. பெய்ரூட்டில் டாக்டர் வெள்ளிக்கிழமைக்கு ஆபரேஷன் வைத்திருக்கிறார். செய்துகொண்டால் நன்றாக இருப்பார், இல்லாவிட்டால் இன்னொரு குளிர்காலத்தைப் பார்ப்பது சந்தேகம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அத்தை பிடியே கொடுக்கவில்லை. "அறுத்துப் பாக்க நான் என்ன தர்பூசணியா?" என்பார். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, ஜன்னலில் யாரையோ பார்க்கிற மாதிரி மூச்சு வாங்கிக்கொள்வார். கேட்டால், "பனி எவ்வளவு விழுந்திருக்குன்னு பாத்தேன்" என்பார்.

இன்று காலை தயிரில் ஊறிக் காய்ந்த கோதுமைப் பொடியின் கிஷ்க் கஞ்சி குடிக்கும்போது திடீரென்று சொன்னார். "இன்னிக்குக் கட்டற மாவு எழும்பிச்சுன்னா வெள்ளிக்கிழமை போறேன். எழும்பலேன்னா அந்த டாக்டர் பேச்சை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது." அப்பாவின் கரண்டி வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. திருமுழுக்குத் திருநாளுக்கு முந்தின மாலை அவர் என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். மாவு, உப்பு, தண்ணீர், வேறெதுவும் கிடையாது, பழைய புளிமாவு ஒட்டின பாத்திரம்கூட ஆகாது. பிசைந்து வெள்ளைத் துணியில் முடிந்து வெளியே மாதுளை மரத்தில் கட்டுவார். ஆண்டவர் நள்ளிரவில் வீடு வீடாகக் கடந்து போகும்போது அது தானாகப் பொங்க வேண்டும், பொங்கியதுதான் அந்த வருடம் முழுக்க நம் ரொட்டிக்குப் புளிமாவு. வெதுவெதுப்பான வருடங்களில் கொஞ்சம் பொங்கவும் செய்யும். ஏன் என்று எனக்குத் தெரியும், மாவிலேயே இருக்கிற நுண்ணுயிர்களின் வேலை அது. பொங்காத வருடங்களில் பழையதையே வைத்துக்கொண்டு ஓட்டினோம், யாரும் பெரிதுபண்ணவில்லை. ஆனால் இன்று வாளித் தண்ணீர் பகலிலேயே உறைந்து கிடக்கிறது. இந்தக் குளிரில் வெறும் மாவு பொங்காது. இதைச் சொன்னபோது அத்தை, "ஆண்டவர் வரும்போது எல்லா மரமும் தலை வணங்குமாம், முசுக்கட்டை மட்டும் விறைச்சுக்கிட்டு நிக்குமாம். நீ முசுக்கட்டைடி" என்று சொல்லிவிட்டு, அந்த மரத்தின் கட்டையாகவே ஒன்றை எடுத்து அடுப்பில் போட்டார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அப்பா பாதிரியாரிடம் ஓடினார். மாவை வைத்து ஆண்டவரைச் சோதிக்கக் கூடாது என்று அவராவது சொல்லட்டும் என்று. அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "வதாத்துக்கு எதிரா நான் வாயைத் திறக்க மாட்டேன்பா, எனக்கு ரொட்டி அவ வீட்டுலேர்ந்துதான் வருது" என்றாராம். திரும்பி வந்த அப்பா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, அலமாரியிலிருந்த ஈஸ்ட் பொட்டலத்தைக் கையில் திணித்தார். "நீ போடு நுஹாத். உசிரு பெரிசா, மாவு பெரிசா?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தக் குளிரில் ஈஸ்ட்டுக்கும் அதிகம் வேலை இருக்காது. தவிர, கடை ஈஸ்ட்டின் வாசனை அத்தைக்குத் தெரியாதா? தெரிந்துவிட்டால் ஆபரேஷனும் இல்லை, அதற்குப் பிறகு என் கையால் ஒரு வாய் சாப்பிடவும் மாட்டார். எனக்குப் புரியாத இன்னொன்றும் இருக்கிறது. அவருக்குப் போக வேண்டுமா, வேண்டாமா? எது வேண்டும் என்று இந்த மாவைச் சொல்லச் சொல்கிறார்? இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. இப்போது உள்ளே பிசைந்துகொண்டிருக்கிறார், நாலு பிசை, ஒரு ஓய்வு. பொட்டலம் என் கம்பளிச் சட்டைப் பையில் இருக்கிறது.

நீ டப்பா சூப்பையே குடித்துக்கொண்டிருக்கிறாய் என்று நஸீம் சொன்னான். அனுப்பிய கிஷ்க் பொடியை என்னதான் செய்தாய்? கொழுப்பில் பூண்டை முதலில் வதக்கு, பொடியைப் போட்டு வாசனை வரும்வரை புரட்டு, அப்புறம் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கைவிடாமல் கிளறு, கட்டி தட்டாது. ஈரக் காலுறையோடு வகுப்பில் உட்காராதே. ஞாயிறு கூப்பிடும்போது அத்தையிடம் உடம்பைப் பற்றி எதுவும் கேட்காதே, ரொட்டியைப் பற்றிக் கேள். உனக்கு என்றும் வெதுவெதுப்பான வீடும் பசிக்கு ரொட்டியும் குறையாமல் இருக்கட்டும்.

உன் அம்மா,
நுஹாத்

ஜனவரி 6, பிற்பகல்

உறையை ஒட்டுவதற்கு முன் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஈஸ்ட் போடவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதே, பயம்தான்.

விடிந்ததும் அப்பா பனியில் இறங்கிப் போய் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வந்தார். மேசையில் வைத்தபோது டொக்கென்று சத்தம் கேட்டது. துணி விறைத்திருந்தது. அத்தை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், தடமே விழவில்லை. பிறகு அத்தை, "இந்தக் குளிர்ல ஆண்டவர் மட்டும் நின்னு நிதானமாவா போயிருப்பார்? ஓடியிருப்பார்" என்று சொல்லிவிட்டு, மாவைத் தன் கம்பளிச் சால்வையில் சுற்றிக் கணப்படுப்போரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா தயங்கித் தயங்கி, "அக்கா, விடிஞ்சுடுச்சே" என்றார். "திருநாள் இன்னும் முடியல. நீ போய் விறகு கொண்டா."

காலை முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார், மடியைப் பார்த்தார், தன் ரொட்டியை வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் போனார். மதியம் அத்தை என்னைக் கூப்பிட்டார். அப்பாவை அல்ல, என்னை. சால்வையைப் பிரித்தார். "அவன் எனக்காகப் பொய் சொல்லுவான். நீ சொல்ல மாட்டே. பாத்துச் சொல்லு, எழும்பியிருக்கா?"

பார்த்தேன். பனி விட்டதால் மாவு தளர்ந்து ஓரங்களில் பரவியிருந்தது. மேல்தோலுக்கு அடியில் இரண்டு மூன்று சின்னக் குமிழிகள். சூட்டுக்கு உள்ளே இருக்கிற காற்று விரிந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு மாணவி அதை என்னிடம் காட்டியிருந்தால், இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று எழுதியிருப்பேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், நெருப்போரம் அவ்வளவு நேரம் இருந்தும் விரல்கள் சில்லென்று இருந்தன, இறுக்கிப் பிடித்திருந்தார். அவருக்கு எது வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

"எழும்பியிருக்கு அக்கா" என்றேன்.

மாவைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார். பிறகு கையை விட்டார். "அப்ப எனக்கு ஒரு நல்ல ராத்திரி உடுப்பு வாங்கணும், இந்தப் பழசைப் போட்டுக்கிட்டு பெய்ரூட் டாக்டர் முன்னாடி படுக்க மாட்டேன்." அப்பா அந்த நிமிடமே கார் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார், கோட்டுகூடப் போடவில்லை.

இப்போது அத்தை அதே மாவில் புது மாவைச் சேர்த்துப் பிசைகிறார். தான் திரும்பி வரும்வரை தினமும் அதற்கு ஒரு கை மாவும் தண்ணீரும் நான்தான் போட வேண்டுமாம். ஒரு நாள் விட்டாலும் வாசலில் நுழையும்போதே முகர்ந்து கண்டுபிடித்துவிடுவாராம்.