வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவன்

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். நான் மட்டும் உன்மேல் கோபமாக இருக்கிறேன். போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நாடக அரங்கத்துக்குப் புதுப் பார்வையாளர்களைச் சேர்ப்பது என் தங்கையான உன் வேலை. சந்தோஷம். சனிக்கிழமை மாணவர்களுக்குப் பயிற்சி. என் மகள் வருகிறாள். அன்றே முதியோருக்கு மதியக் காட்சி, தேநீர், கைத்தாங்கலுக்கு ஆள், அப்பா வருகிறார். இருவரையும் விட்டுவிட்டு வெளியே வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவன் யார்? போன வாரம் காவலாளி கண்ணாடியைத் தட்டினார். "டிரைவருங்களுக்கு அந்தப் பக்கம் பெஞ்சு போட்டிருக்கு. சார் வர்ற வரைக்கும் அங்க உக்காருங்க." அந்த சார் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

'சிறியோர் முதல் முதியோர் வரை' என்று நோட்டீஸ் அடித்திருக்கிறாய். நடுவில் நாங்களும் உயிரோடு இருக்கிறோம். மாலைக் காட்சி ஆறு மணிக்கு. நான் அலுவலகத்தை விட்டு எழுவதே அதற்குப் பிறகுதான். உன்னை முதன்முதலில் சைக்கிளில் வைத்து நாடகத்துக்குக் கூட்டிப்போனவன் நான். அப்பாவிடம் திட்டு வாங்கியவனும் நான். அதெல்லாம் உனக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது.

அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. காவலாளி விஷயத்துக்குச் சிரித்துவிட்டேன், மன்னித்துவிடு. எப்போது கூப்பிட்டாலும் "பாக்கலாம்" என்பாய். விருப்பமில்லை என்றே நினைத்திருந்தேன்.

இயக்குநரிடம் பேசினேன். உங்கள் வயதுக்காரர்கள் ஏன் வருவதில்லை என்று உங்களையே கேட்க ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம். அடுத்த புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு. கட்டாயம் வா.

உன் வாலு

மார்ச் 20

தங்கைக்கு,

வேலை நாளில், மதியம் மூன்று மணிக்கு. இதற்கும் இயக்குநர் ஒருவர் வேண்டியிருக்கிறது.

எனக்குப் பதிலாக அப்பா வந்தாராமே. சாப்பிடும்போது சொன்னார்: "வந்தவங்க எல்லாம் என் செட்டுதான். உங்களுக்கெல்லாம் ரசனையே கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டோம். பிஸ்கட் நல்லா இருந்துச்சு." உன் அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் இடமில்லாமல் நின்றுகொண்டே நாடகம் பார்த்தவர்கள். எங்களுக்கா ரசனை இல்லை?

இனி யாரையும் கூட்டிவரமாட்டேன். உன் கணக்கில் இருவரைக் குறைத்துக்கொள். நீயும் எழுத வேண்டாம்.

மார்ச் 23

அண்ணா,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். உன் நாற்காலியில் அப்பா வந்து உட்கார்ந்தபோதே என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காட்சி எட்டு மணிக்கு. சண்டை போட்டு வாங்கினேன். கூட்டம் வராவிட்டால் மறுபடி ஆறு மணிதான். அன்று அப்பாவும் உன் மகளும் என் வீட்டில் தங்கட்டும். காலையில் நானே கொண்டுவந்து விடுகிறேன். அண்ணியோடு வா. வண்டியை எடுக்காதே.

வாலு

மார்ச் 29

அன்புள்ள வாலுவுக்கு,

பஸ்ஸில் வந்தோம். காவலாளி, "வண்டி எங்க சார்?" என்றார். முதல் தடவையாக சார்.

நாற்காலியின் கைப்பிடி ஆடுகிறது. கதாநாயகன் முணுமுணுக்கிறான், சொல்லிவை. பாதி இருக்கைதான் நிறைந்திருந்தது. வந்தவர்களில் பலர் கழுத்தில் அலுவலக அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. இடைவேளையில் எல்லோரும் வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன். "யாருக்கு? வைங்க உள்ள" என்றாள் உன் அண்ணி. யாருக்கும் இல்லைதான்.

சைக்கிள் விஷயத்தை நீ இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அது இருக்கட்டும். வெளியே வரும்போது 'ஏன் வந்தீர்கள்?' என்று கேட்டு ஒரு தாள் நீட்டினாயே, அதை அவசரத்தில் எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது எழுதிக்கொள்: அன்றைக்கு நான் யாரையும் கூட்டிவர வேண்டியிருக்கவில்லை.

அண்ணன்