மங்களத்துக்கு முன்னால் எழுந்து வந்தது

பந்தல்குடி
20.5.93

அன்புள்ள மகள் கஸ்தூரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பேத்தி ரோஷினியும் சுகம். நாக்பூர் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். புறப்பட்டு வருவதாக நீ கொடுத்த தந்தி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் பிள்ளை எடுத்த எடுப்பில் "அம்மா, நீ செத்துட்டியா" என்று கேட்டு, லைனும் அறுந்துபோனால் யாருக்கும் பதறத்தான் செய்யும். நடந்தது இதுதான்.

பள்ளிக்கூடம் திறக்குமுன் நம் பழைய கதையும் நாடகமும் அவள் காதில் விழட்டும் என்று நீதான் விட்டுப்போனாய். படித்துக் காட்டினால் பாதியில் ஓடிவிடுகிறாள். அதனால் சனிக்கிழமை கோயில் பொங்கலுக்குப் போட்ட ராஜா ராணி நாடகத்துக்குத் தூக்கிப் போனேன். பபூனுக்குச் சிரித்தாள். ராஜாவுக்கு வைத்த விஷத்தை ராணி குடித்து, மடியில் பிள்ளையோடு சாய்ந்ததும் ஒரே அழுகை. உடனே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தவறு அங்கேதான். விடியும்போது செத்த வேஷக்காரர்களும் எழுந்து வரிசையாக நின்று மங்களம் பாடிய பிறகே நம் ஊரில் பாயைச் சுருட்டுவார்கள். சாவுக் காட்சியோடு பார்க்க வந்தவர்கள் யாரும் எழுந்து வீட்டுக்கு வருவதில்லை. அவசரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. அவளுக்கு அந்த அம்மா செத்தவள் செத்தவள்தான். போனில் உன் குரல் பாதியில் நின்றதும் நீயும் போய்விட்டாய் என்று முடிவு கட்டிவிட்டாள். அதோடு சோறு இறங்கவில்லை. உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "பச்சப்புள்ளைக்கு வெசம் குடிக்கிறதத்தான் மொதப் பாடமாக் காட்டணுமாக்கும்" என்றாள்.

ராணி வேஷம் கட்டிய தங்கமாரி என்ற பெண் செவ்வாய்க்கிழமை வேறு ஊர் நாடகத்துக்குப் போக அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வருவார் என்று விசாரித்து, பிள்ளையைக் கூட்டிப் போனேன். டீக்கடை முன்னால் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஏத்தா, வெசம் குடிச்சவ வட திம்பாளா? அது வெறும் பானக்கம். அதுலயும் கருப்பட்டி போடாம ஏமாத்திட்டாக ஒங்க ஊர்க்காரவுக" என்றார். ரோஷினி சிரிக்கவில்லை. "அப்ப ஏன் எந்திரிக்கல" என்றாள். "எந்திரிச்சுப் பாத்தேன், ஒன்னையத்தான் காணோம். நீ ஏன்டி பாதியில போன" என்று திருப்பிக் கேட்டவர், தின்றுகொண்டிருந்த வடையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து, கைகூப்பி, அத்தனை பஸ் சத்தத்திலும் மங்களத்தை ஒரு வரி விடாமல் பாடினார். பந்தல்குடி பஸ்ஸின் கண்டக்டர் அது முடியும்வரை விசில் கொடுக்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட்டாள். இப்போது வீட்டில் தினமும் நாடகம்தான். உன் அம்மா ராஜா. நான் ராணி, மோரைக் குடித்துச் சாக வேண்டும். அவள் மங்களம் பாடி முடிக்குமுன் நான் கண் திறந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஆகவே நீ லீவு போட்டு அலைய வேண்டாம். அடுத்த வாரம் நானே கூட்டி வருகிறேன். மாப்பிள்ளையிடம் சொல், அவரும் கவலைப்பட்டிருப்பார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஸ்டேஷனில் உன்னைக் கண்டதும் மங்களம் பாடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாதியில் வாரித் தூக்கிவிடாதே. முடியும்வரை அவள் கண்ணில் படுகிற மாதிரி நில்.

இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
சுப்புராஜ்