கஞ்சியில் கரைத்த மாத்திரை

அன்பு மகள் ரெனிதாவுக்கு,

அண்ணனூரிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நின்று காது கொடுப்பாள், அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், படித்ததும் அழித்துவிடு.

நம் சபையில் மருந்து தொடுகிறவர்களுக்குத் திருவிருந்து அப்பம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். பாஸ்டர் மூக்குக் கண்ணாடி போடுகிறார், அது மட்டும் மருந்தில் சேராதாம். போன வருஷம் உன் அம்மா சர்க்கரை மாத்திரையைத் தூக்கிப் போட்டாள், காலில் புண் வந்து ஆறவே இல்லை. கெஞ்சினேன், கத்தினேன். அப்பம் வாங்காம உசுரோட இருந்து இன்னா பண்றது என்று அழுதாள். வேறு வழி தெரியாமல் டாக்டரின் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி, பொடித்து, தினமும் அவள் கேழ்வரகுக் கஞ்சியில் கலந்து கொடுத்தேன். ஏன் கசக்குது என்று கேட்டாள், வெந்தயம் என்றேன். புண் ஆறியது. போன மாதம் சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, மருந்தே இல்லாமல் கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்று சொல்லிவிட்டாள். சபையே கைதட்டியது. பாட்டு நடத்துகிறவனாக முன்னால் நின்றிருந்த நானும் தட்டினேன்.

அதைக் கேட்டுவிட்டு, திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டும் நம் சபை பாஸ்கரன் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டான். அவன் மனைவி பவ்யா அழுதுகொண்டே போன் செய்தாள், இன்று காலை ஓடினேன். நாக்கு வறண்டு படுத்துக் கிடக்கிறான், பிள்ளைகள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வா என்று இழுத்தேன், அசையவில்லை. உண்மையைச் சொன்னேன், அதையும் நம்பவில்லை. அக்காவுக்குக் கெடச்ச கிருபை எனக்கு மட்டும் கெடைக்காதா அண்ணே, என் விசுவாசத்தைக் கலைக்க வந்துகீறீங்க, நெசம்னா சபையில எழுந்து சொல்லுங்க, அப்பால ஊசி போட்டுக்கறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சொன்னால் உன் அம்மாவின் சாட்சி பொய்யாகும், திருவிருந்து நின்றுபோகும், என் கையால் கொடுக்கும் தண்ணீரைக்கூட இனி குடிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் பாஸ்கரன் பிழைக்கமாட்டான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், ரெனிதா. கிருபை இலவசம் என்று இத்தனை வருஷம் பாட்டு நடத்தினேன், மாத்திரையோடு வருகிறவரைத் தள்ளு என்று இயேசு எங்கே சொன்னார் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. நாளை ஆராதனையில் எழுந்து சொல்லிவிடப் போகிறேன். உன் அம்மா முகத்தைப் பார்த்தால் வாய் வராது, பாஸ்கரன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சொல்வேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நாளை சபை விட்டதும் உன் அம்மாவைக் கூப்பிடு. எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். மாத்திரை போட்டுக்கொண்டாலும் இயேசு அவளைத் தள்ளமாட்டார் என்று சொல். நான் சொன்னால் இனி நம்பமாட்டாள்.

உன் அப்பா,
யூஜின்