சிவப்பு விளக்கின் மேல் ஒரு பொட்டு

தம்பி,

நீ போன பிறகு உன் காரையும் அந்த வண்டி உடைக்கும் கடைக்கே விற்றோம். உள்ளே கிடந்த சாமான்களை எடுத்துப் போகச் சொல்லி நேற்று கடைக்காரர் கூப்பிட்டார். உன் மகளின் ஒற்றைச் செருப்பு, பாதி தீர்ந்த விபூதிப் பொட்டலம், கண்ணாடி துடைக்கும் துணி. ஓரத்தில் மீட்டர் பலகை தனியாகக் கழன்று கிடந்தது. அதில் என் மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன். பசை இன்னும் காயவில்லை.

நீ முதல் தடவை இடித்த பிறகு ஒட்டிய பொட்டு அது. சோழவந்தானில் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, குறுக்கே வந்த ஆட்டுக்காக வளைத்து, பாலத்துச் சுவரில் கொண்டுபோய் முட்டினாய். ஸ்டீயரிங்கில் இருந்த ஏர்பேக் வெடித்து உன்னைத் தாங்கிக்கொண்டது. முட்டியது உன் பக்கம் என்பதால் இடது பக்கத்துப் பை வெடிக்கவில்லை. மூக்கில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். "தலகாணிய வச்சு ஓங்கி அடிச்ச மாதிரி இருந்துச்சுக்கா" என்றாய். ஆடு என்ன ஆச்சு என்று கேட்டேன். "அது திரும்பிக்கூடப் பாக்கல."

வெடித்த பை மறுபடி உதவாது. உன் கார் மாடல் நின்றுபோனதால் புதியது வராது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். பழையதில் தேடுங்கள், ஆனால் பையின் மேலுள்ள நம்பரும் ஒத்து வர வேண்டும், ஒயர் பிளக்கும் ஒத்து வர வேண்டும் என்றார். ஒன்று பொருந்தினால் இன்னொன்று பொருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் தல்லாகுளத்தில் என் வீட்டுக்கு வந்து என்னையும் இழுத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தாய். பெண் பார்க்கப் போனபோதுகூட நீ அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. கடைசியில் திருமங்கலம் ரோட்டில், இதே கடையில், எல்லாம் பொருந்திய ஒன்று கிடைத்தது. கையில் வாங்கியும் விட்டாய். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

"அண்ணே, இது எந்த வண்டில இருந்தது? யாரும் தவறிட்டாகளா?"

கடைக்காரர் மறைக்கவில்லை. "பின்னால பஸ் இடிச்ச வண்டி தம்பி. அதான் முன்னால பை வெடிக்காம நல்லா இருக்கு. பின் சீட்டுல இருந்த பெரியவர்தான் போயிட்டாரு."

நீ அதை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, வாசல் குழாயில் கை கழுவினாய்.

"செத்தவரு என்ன இதுக்குள்ளயா உக்காந்திருக்காரு? வாங்குடா" என்றேன்.

"வேணாம்க்கா. சாவு விழுந்த வண்டிச் சாமான். நம்ம பிள்ள ஏறுற வண்டி. நல்ல வண்டில இருந்து ஒண்ணு வரும், பொறுப்போம்."

இழவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்கு ஊற்றாமல் அடுப்படிக்குள் கால் வைக்காதவள் நான். உன்னிடம் அதற்கு மேல் என்ன சொல்வது?

ஆனால் மீட்டரில் ஏர்பேக் விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. "மொறைச்சுக்கிட்டே வருதுக்கா. ஒரு பொட்டு குடு" என்று கை நீட்டினாய். நெற்றியிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். விளக்கின் மேல் ஒட்டிவிட்டு, "இப்ப மகாலட்சுமி கணக்கா இருக்கு" என்றாய். இருவரும் சிரித்தோம். அதன்பிறகு எனக்கு அந்த விளக்கின் நினைப்பே இல்லை. உனக்கும் இருந்திருக்காது.

நல்ல வண்டி வருவதற்குள், ஒரு விடியற்காலையில், விளக்கில்லாமல் ரோட்டோரம் நின்ற லாரி வந்துவிட்டது. மோதிய வேகத்தில் ஸ்டீயரிங் நெஞ்சில் அழுத்தியிருந்தது என்றார்கள். பை இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை, உன் மேல்தான். அது இன்னும் ஆறவில்லை. உன் பக்கம் பை இல்லாததால் இடது பக்கத்துப் பையும் திறக்கவில்லை என்று மெக்கானிக் பிறகு சொன்னார். அது மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

நான் கடையில் நிற்கும்போதே அந்தப் பையைக் கேட்டு ஒருவர் வந்தார். உன் வயதுதான் இருக்கும். அதே மாடல் கார். வெளியே அதன் முன் சீட்டில் அவருடைய அம்மா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வந்தவர் நம்பரைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு தயங்கினார்.

"அண்ணே, இது எந்த வண்டி? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அவருக்குப் பொய் வராது என்று எனக்குத் தெரியும்.

"எங்க வண்டிதான்" என்றேன். "என் தம்பி ஓட்டுனது. சோழவந்தான் பக்கம் ஆடு ஒண்ணு குறுக்க வந்துருச்சு. மூக்குல ஒரு சிராய்ப்பு, அம்புட்டுத்தான்."

"இப்ப நல்லா இருக்காராக்கா?"

"நல்லா இருக்கான்."

அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று கடைக்காரர் அவரிடம் இரண்டு முறை சொன்னார். என் பக்கம் திரும்பவேயில்லை.

பொட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடி ஓரத்தில் என் மற்றப் பொட்டுகளோடு ஒட்டி வைத்திருக்கிறேன். நேற்று தலைக்கு ஊற்றாமலேதான் அடுப்படிக்குள் போனேன். நல்லா இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தவள், யாருக்காக ஊற்றுவது?