ஜாக்கெட்டைப் படம் பிடித்த மாட்டுத் தரகன்

என் பிரியத்துக்குரிய பாகூர் சம்பந்திக்கு,

சுத்துக்கேணியிலிருந்து ராமலிங்கம் எழுதுகிறேன். நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. இது என் சொந்தக் கையெழுத்து என்றால் நம்ப மாட்டீர்கள். அங்கன்வாடியில் சாயங்காலம் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் எட்டு மாதம் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு ஒரு பத்திதான் எழுத முடிகிறது. விரல் வலிக்கிறது, நிறுத்தத்தான் மனசு வரவில்லை.

உங்கள் பெண் கலை நன்றாக இருக்கிறாள். சேதராப்பட்டு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே ஆரி வேலை செய்த ஜாக்கெட் தைத்து, போனில் படம் போட்டு விற்கிறாள். ஷிப்டு மாறி மாறி வந்து அவளுக்குத் தூக்கமே கெட்டுப்போயிருந்தது. மூன்று மாதம் பார்க்கிறேன், ஓடவில்லை என்றால் கம்பெனிக்கே திரும்பிப் போகிறேன் என்று என் பையனிடம் சொல்லியிருந்தாள். சூப்பர்வைசரும் அந்த மூன்று மாதம் முடிகிற ஒன்றாம் தேதி வரை அவள் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்.

அவள் கை எப்போதும் ஊசியில். வெளியூர் வேலையில் இருக்கும் பையன் வாரம் ஒருமுறைதான் வருவான். படம் எடுக்க வீட்டில் சும்மா இருந்தது நான் ஒருவன்தான். ஜாக்கெட்டைப் போட்டுக் காட்ட எதிர் வீட்டு புவனா ஒத்துக்கொண்டாள். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து காலையில் வருகிறவள், நல்ல பெண்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் மதகடிப்பட்டு சந்தையில் மாட்டுத் தரகு. விற்கிற மாட்டை எப்படி நிறுத்துவது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. மேட்டில் நிறுத்தினால் உயரமாகத் தெரியும். தலையைத் தூக்கிப் பிடித்தால் கழுத்து எடுப்பாக இருக்கும். அதனால் புவனாவைப் படிக்கட்டில் ஏற்றி, மோவாயைத் தூக்கச் சொல்லி, நான் கீழே குந்திக்கொண்டு எடுத்தேன்.

பனைமரத்துக்கு ஜாக்கெட் போட்டது போல வந்தது. மூக்குத் துவாரம் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன.

"இன்னா பெரியப்பா, அடுத்து பல்லைப் புடிச்சிப் பாப்பீங்களா?" என்றாள் புவனா. சிரிக்கச் சொல்லலாம் என்றிருந்தேன், விட்டுவிட்டேன்.

மறுநாள் நிழலாக இருக்கட்டும் என்று கொட்டகையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே நிறுத்தினேன். சிவப்பு ஜாக்கெட் கத்திரிக்காய் நிறமாகிவிட்டது, புவனாவும் கொஞ்சம் அப்படித்தான். படத்துக்குக் கீழே யாரோ ஏதோ எழுதியிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எழுதியதை நானே படித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?' எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய்க் கலையிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். பச்சை ஜாக்கெட் ஒன்று, இரண்டு கையிலும் மயில். இடது கை மயில் ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. கலை கவனிக்கவில்லை. எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. கோளாறு இருக்கும் பக்கத்தைச் சுவரோரம் நிறுத்துவது தரகர் வழக்கம். யோசித்துச் செய்ததில்லை சம்பந்தி, கை தானாகவே புவனாவின் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டியது. வில்லியனூர் அம்மா ஒருத்தர் அன்றைக்கே வாங்கிவிட்டார். விற்றுக் கொடுத்த பெருமையில் நான் தெருவில் இரண்டு தடவை நடந்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் அந்த அம்மா ஸ்கூட்டியில் நேரிலேயே வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, ஒரு மயிலு தோளாண்ட நிக்குது, இன்னொண்ணு முழங்கையாண்ட மேயப் போவுது. போட்டோல இந்தக் கையே காணோமே?"

கலை ஜாக்கெட்டைப் பார்த்தாள். போனை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா, உங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியும்மா."

"எங்கப்பாவுக்கு அந்தச் செவலைக் காளைய வித்தாப்லயா?"

நான் கோளாறை மறைத்து அந்தக் காளையை விற்றது உங்களுக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆமாம், அது ஒரு பின்னங்காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கும். சந்தையில் அந்தக் கால் தெரியாமல் வண்டியோரம் நிறுத்தினவன் நான்தான். ஓட்டிப்போன அன்றே பார்த்திருப்பீர்கள். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? அதற்கப்புறமும் எப்படி என் வீட்டுக்குப் பெண் கொடுத்தீர்கள்?

திருத்தித் தருகிறேன் என்று சொல்லி அந்த அம்மாவை அனுப்பிவிட்டு, கலை ஜாக்கெட்டின் இடது கையைத் தையல் பிரிக்க உட்கார்ந்தாள். "ஒண்ணாந்தேதி கம்பெனிக்கே போயிடறேன் மாமா. மறைச்சி வித்தா மறுபடி யாரு வருவாங்க?" என்றாள். பிரித்த நூலை உதறிக்கொண்டே அவளே சொன்னாள். "அப்பா சிரிச்சிக்கினேதான் சொல்லுவாரு. அந்த ஆளு மாட்டைத்தான் மறைச்சாரு, அவரு பையனை நான் நடக்க வுட்டுப் பாத்துட்டேன்னு."

நாங்கள் உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று என் பையனைக் கிணற்றடி வரைக்கும் போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னீர்களே, அதற்காகவா? நான் உங்களுக்குத் தாகம் என்று நினைத்தேன்.

விற்கிறவனாகவே இத்தனை நாள் படம் எடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. வாங்குகிறவன் மாட்டைச் சுற்றி வருவான், நல்ல வெளிச்சத்தில் பார்ப்பான், நடக்க விடுவான். திருத்தின பச்சை ஜாக்கெட்டோடு புவனாவைக் கொட்டகை வாசலுக்குக் கூப்பிட்டேன். வெயில் நேராக விழாத இடம். போனை அவள் தோள் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு, "நிக்காதம்மா, நட" என்றேன்.

"ஆஸ்பத்திரிலதான் விடிய விடிய நடக்கறேன், இங்கயுமா?" என்று வீட்டைப் பார்த்து நடந்தாள். பின்னலை முன்னால் தள்ளிவிட்டு, மிச்சத் திட்டையும் திட்டத் திரும்பினாள். எடுத்துவிட்டேன். முதுகு வேலை, இரண்டு கை, இரண்டு மயில், எல்லாம் தெரிந்தன. கோபத்தில் அவள் மகாராணி மாதிரி இருந்தாள்.

பிரிப்பதற்கு முன்னால் அந்தக் கோணல் கையையும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். புதுப் படத்துக்குப் பக்கத்தில் அதையும் போடலாமா என்றேன். கலை இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "போடுங்க மாமா. திருத்திக் குடுத்தது தெரியட்டும்."

வில்லியனூர் அம்மா அந்த இரண்டு படத்தையும் தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெண்கள் அத்தனை பேருக்கும் கலைதான் தைக்கிறாள்.

மாசக் கடைசி நாள் காலையில் சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். "சார், என் எடத்துல வேற யாரையாவது போட்டுக்குங்க" என்றாள். அவர் ஏன் என்று கேட்டார். "இங்க என்கிட்ட ஒருத்தர் வேலை செய்யறாரு சார். வயசானவரு, வுட்டுட்டு வர முடியாது." சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு ஊதா ஜாக்கெட்டைத் தள்ளினாள்.

உங்களுக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன் சம்பந்தி. கலை தைத்ததில் கோணல் இருந்தால் முதலில் அதைத்தான் படம் எடுப்பேன். அவள் முறைத்தாலும் எடுப்பேன்.

உங்கள் பெண்ணிடம் வேலை பார்க்கும் சம்பந்தி,
ராமலிங்கம்