டாக்டர் வரும் நாளின் பவுடர் வாசனை

காலையிலேயே நர்ஸ் மிஸ்ஸி பவுடர் டப்பாவோடு வந்துவிட்டாள். இந்த முதியோர் இல்லத்தில் பவுடர் வாசனை வந்தால் அன்றைக்கு டாக்டர் வருகிறார் என்று அர்த்தம். உனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும். எனக்கு இப்போதெல்லாம் அது மூக்கில் ஏறினாலே எரிச்சல் வருகிறது, உன் மேலும் சேர்த்துத்தான்.

மாதமெல்லாம் நீ என்ன பாடுபட்டாய்! படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று தலையணைகளை முதுகுக்கு அண்டக்கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கினாய். கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. பக்கத்துக் கட்டிலில் கிடந்த என்னிடம்தான் எல்லாப் புலம்பலும். டாக்டர் வருகிற நாளில் மட்டும் தலைவாரி, பவுடர் பூசி, காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, தோட்டத்து வேலைக்காட்டுக்குக் கிளம்புகிறவளைப் போல நிமிர்ந்து உட்காருவாய்.

அவர் மாதம் ஒரு தடவை மலைக்குக் கீழேயிருந்து வருகிற மனிதர். இல்லம் முழுக்க ஒரே காலைக்குள் பார்த்தாக வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே, "நல்லா இருக்கீங்களா பாட்டி?" என்பார். "நல்லா இருக்கேன் துரை" என்பாய் நீ. பரிசோதனை முடிந்தது. அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

ஏன்டி இப்படிப் பொய் சொல்கிறாய் என்று உன்னைப் பிடித்து உலுக்காத குறை. நீ சிரித்தாய். "நோவுன்னு சொன்னா பேரு போடமாட்டாங்கடி" என்றாய். தோட்டத்தில் நாம் கொழுந்து எடுத்த காலத்துப் பயம் அது. உடம்பு முடியவில்லை என்று வாய் திறந்தால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி கிடையாது. அதனால் காய்ச்சலோடும் கூடையைத் தூக்கினோம். தேயிலையை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் உனக்கு டாக்டரும் ஒரு துரைதான். இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, போர்வையை விலக்கிப் பார்த்திருந்தால் போதுமே! போன தடவை நானும் விடவில்லை. அவள் காலைப் பாருங்கள் டாக்டர் என்று குரல் கொடுத்தேன். நீ என்னை முறைத்தாய். அவர் வாசலை நெருங்கியிருந்தார். அடுத்த முறை பார்க்கலாம் என்றார்.

அடுத்த முறை என்றால் அடுத்த மாதம். உனக்கு அதுவரை தாங்கவில்லை. நம் இல்லம் இருக்கிற கம்போங் ராஜாவிலிருந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு உன்னை ஏற்றிப்போன வேன், பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் கியா பார்ம் சந்தைப் பக்கம் டிராபிக் ஜாமில் மாட்டிக்கொண்டது. ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்களுக்கு நடுவில் உன் மூச்சு நின்றுபோனது. உன் மகன் அந்த ஜாமைத் திட்டித் திட்டி அழுதான். என்னால் அதைத் திட்ட முடியவில்லை. நீ எத்தனையோ நாள் முன்பே அந்த வேனில் ஏறியிருக்க வேண்டியவள்.

இன்று மிஸ்ஸியிடம் எனக்குப் பவுடர் வேண்டாம் என்றேன். டாக்டர் வந்தார், கால்மாட்டில் நின்றார், அதையே கேட்டார்.

"இல்ல டாக்டர், நல்லா இல்ல. உக்காருங்க" என்றேன்.

சுற்றிலும் பார்த்தார். இந்த அறையில் ஒரு நாற்காலி கிடையாது. எந்த டாக்டர் உட்கார்ந்தார், இல்லத்துக்காரர்கள் வாங்கிப் போட? காலியாகக் கிடக்கும் உன் கட்டிலைக் காட்டினேன்.

"அதுல உக்காருங்க. அதுல இருந்தவ நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லியே போயிட்டா."

அவர் உட்கார்ந்தார். குனிந்து என் கணுக்காலை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"எப்போலருந்து வீங்குது?" என்று கேட்டார்.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியடி அது. மற்றக் காலையும் போர்வைக்கு வெளியே நீட்டினேன்.